வாசல் தளமும் மொட்டை மாடியும்: நம் வெயிலுக்கு ஏற்றது எது?

வானகரம் பகுதியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் நடந்து சென்றால் பல கட்டடங்கள் ஒரே அமைப்பில் இருப்பதைக் காணலாம். கீழே முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் குடோன், மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. கடைக்கும் குடும்பத்துக்கும் ஒரே கட்டடம்தான். அதில் வெயிலும் மழையும் நேரடியாக விழும் இடங்கள் இரண்டு. ஒன்று கடை வாசல், மற்றொன்று மொட்டை மாடி. கட்டட வேலையில் கடைசியாக வருவதும் இந்த இரண்டுதான். அதற்குள் கையிலிருந்த பணம் கரைந்திருக்கும். "பார்வையாக ஏதாவது போட்டு முடியுங்கள்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். கடையைப் புதுப்பித்தபோது வாசலில் கரும்சிவப்பு நிறத்தில் கண்ணாடி போல் வழவழப்பான சிமெண்ட் தளம் போட்டேன். போட்டவர், "அண்ணாச்சி, தெருவிலேயே உங்க வாசல்தான் எடுப்பா இருக்கும்" என்றார். எடுப்பாகத்தான் இருந்தது. சித்திரை வந்ததும் செருப்பை வெளியே விட்டு வந்த வாடிக்கையாளர்கள் நின்று பேச முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஐப்பசி முதல் மழையில் வயதான அம்மா ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மருத்துவச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதன்பின் அவர் நம் கடைப் படி ஏறவில்லை. தளத்தை முழுவதும் கொத்தி எடுத்து மறுபடி போட்டேன். ஒரே வாசலுக்கு இரண்டு செலவு. நம் நண்பர்கள் யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

வெயில் என்ன செய்கிறது?

சென்னைப் பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு முறையும், ஆகஸ்டு நடுவில் மறு முறையும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேராக நிற்கிறது. அந்த மாதங்களில் சுவரை விடத் தரையும் மாடியும்தான் அதிக வெப்பத்தை வாங்குகின்றன. சென்னையில் 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது பலருக்கு நினைவிருக்கும். அது காற்றின் வெப்பம். அந்த வெயிலில் கிடக்கும் கருநிறத் தளத்தின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிவிடும்.

இதில் நிறத்துக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். புதிய சாம்பல் நிற சிமெண்ட் தளம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் திருப்பும். அழுக்கேறி நாளானால் இன்னும் குறையும். புதிய தார்ச்சாலை திருப்புவதோ மிகச் சொற்பம். திருப்பி அனுப்பாத வெயில் முழுவதும் தளத்துக்குள் வெப்பமாகத் தங்கி, இரவு வரை மெல்ல வெளியே வரும். ஆகவே முதல் விதி இது: வெளியிடத்துக்கு வெளிர் நிறம். ஆனால் கண் கூசும் தூய வெள்ளை வாசலுக்கு ஆகாது. எதிர்வெயில் கல்லாவில் இருப்பவர் முகத்தில் அடிக்கும், அழுக்கும் உடனே தெரியும். மணல் நிறம், சந்தன நிறம், வெளிர் சாம்பல் ஆகியவை வாசலுக்குப் பொருத்தம். வெள்ளையை மாடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெயில் நிறத்தையும் வெளுக்கச் செய்யும். சிமெண்டோடு கலக்கும் பொடிகளில் இரும்பு ஆக்சைடு வகை வெயிலுக்கு நிற்கும். சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் இந்த வகையில் கிடைக்கின்றன. மலிவான சாயப் பொடிகள் சில கோடைகளிலேயே வெளுத்துவிடும். சிமெண்ட் எடையில் நூற்றுக்கு 5 பங்கு பொடி பெரும்பாலும் போதுமானது. 10 பங்குக்கு மேல் போனால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். வெளிர் நிறம் வேண்டுமானால் பொடியை மாற்றிப் பயனில்லை. வெள்ளை சிமெண்டைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண சிமெண்டின் சாம்பல் நிறம் எந்த வெளிர் நிறத்தையும் மங்க வைத்துவிடும்.

வாசலுக்கு என்னென்ன உண்டு?

வழவழப்பான ரெட்டாக்சைடு தளம் வீட்டுக்குள் போட ஏற்றது. நாள்பட நாள்பட மெருகேறும். ஆனால் மழை படும் வாசலில் அதுவே ஆபத்து. பாலீஷ் செய்த கிரானைட்டும் வழவழப்பான டைல்ஸும் அப்படியே. கடப்பா கல் பலமானதுதான். ஆனால் கருநிறமாதலால் கொதிக்கும்.

கோடு போட்ட சிமெண்ட் தளம் எளியது, செலவு குறைந்தது. தளம் இறுகும் முன் ஈரத்தில் துடைப்பத்தால் ஒரே திசையில் இழுத்தோ, கயிறு வைத்து அழுத்திக் கட்டம் போட்டோ சொரசொரப்பு உண்டாக்குவார்கள். நடப்பவர் போகும் திசைக்குக் குறுக்காகக் கோடு இருக்க வேண்டும். ஓரத்தில் கையகல வழவழப்புப் பட்டை விட்டு நடுவில் கோடு போட்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும். மளிகைக் கடை வாசலுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மூட்டை இறக்கலாம், தள்ளுவண்டி ஓட்டலாம், தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

கூழாங்கல் தளத்தில் மேலே இருக்கும் சிமெண்டுப் பாலை இறுகும் முன் கழுவி எடுத்து, உள்ளிருக்கும் சிறு கற்களை வெளியே தெரியும்படி செய்வார்கள். கல்லின் இயற்கை நிறமே தெரிவதால் வெயிலுக்கு வெளுக்காது, வழுக்கவும் செய்யாது. ஆனால் கீழே சிந்தும் பருப்பும் சர்க்கரையும் கல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். எறும்பும் எலியும் தேடி வரும். வீட்டுக்குப் போகும் பக்கவழிக்குப் போடலாம், மூட்டை இறங்கும் இடத்துக்கு வேண்டாம்.

அச்சுப் பதித்த கான்கிரீட், அதாவது ஸ்டாம்ப்டு கான்கிரீட், இப்போது புது வீடுகளில் பரவி வருகிறது. இது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1950-களில் வளர்ந்த முறை. ஈரத் தளத்தின் மேல் நிறப்பொடி தூவி, ரப்பர் அச்சால் அழுத்திக் கல், செங்கல், மரப்பலகை போன்ற தோற்றம் தருகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அதன் நிறம் நிற்பது மேலே பூசும் சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சினால். நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அதை மறுபடி பூச வேண்டியிருக்கும். வெறும் சீலர் மழையில் வழுக்கும்; அதில் நைஸான மணல் போன்ற பொடி கலந்து பூசச் சொல்ல வேண்டும். பின்னால் குழாய்க்காக ஓரிடத்தில் வெட்டினால் ஒட்டுப் போட்டது நன்றாகவே தெரியும். இதைப் போட நினைப்பவர்கள் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பேவர் பிளாக் நமக்கு நன்கு பழகியது. இதில் பெரிய நன்மை, கழற்றி மாட்டலாம் என்பது. கழிவுநீர்க் குழாய்க்கோ மின் கேபிளுக்கோ தோண்ட வேண்டி வந்தால் எடுத்து அடுக்கி வைத்து மறுபடி பதிக்கலாம். இடுக்கு வழியே ஓரளவு மழைநீரும் கீழே இறங்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15658-இன்படி ஆள் நடக்கும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனமும், இலேசான வண்டிப் போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டரும், அதற்கு மேற்பட்ட நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டரும் வேண்டும். சரக்கு வேன் ஏறி நிற்கும் வாசலுக்கு 50 மில்லிமீட்டர் கல்லைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. அளவுகோலை எடுத்து அளந்து வாங்குங்கள். கல் எவ்வளவு நல்லதானாலும் கீழே மண்ணைத் திமிசு போட்டு இறுக்காவிட்டால், சக்கரம் படும் இடம் குழிந்து தண்ணீர் நிற்கும். ஓரக்கல் கட்டாவிட்டால் கற்கள் விலகிக்கொண்டே போகும்.

கட்டம் போட்ட சிமெண்ட் டைல்ஸ், அதாவது செக்கர்டு டைல்ஸ், மற்றொரு நல்ல வழி. வெளிர் நிறத்தில் வாங்கலாம். ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். டைல்ஸ் வாங்கும்போதே பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்கி வைத்துவிட வேண்டும். பிறகு அதே நிறம் கிடைக்காது.

நம் சரக்கே தளத்துக்கு எதிரி

மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் மளிகைக் கடைக்கு உண்டு. நாம் விற்கும் சரக்கில் பல சிமெண்டுக்கு ஆகாதவை.

புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றின் புளிப்பு சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். புளிச் சிப்பம் கசிந்த இடத்தில் பூச்சு அரித்து மணல் தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெல்லப் பாகும் சர்க்கரைத் தண்ணீரும் நாள்பட்ட தளத்தைக் கூட மெல்ல அரிக்கும். புதிய தளத்திலோ விளைவு உடனே தெரியும்: ஈர சிமெண்டில் சிறிது சர்க்கரை கலந்தாலும் அது இறுகாமல் போகும். இங்கே ஒரு ஐயம் எழலாம். அந்தக் காலத்தில் வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரைக் கலந்துதானே கட்டினார்கள்? உண்மைதான். அது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக்கு நன்மை செய்த வெல்லம் சிமெண்டுக்குக் கெடுதல்.

எண்ணெய் தளத்தில் ஊறினால் கறை போகாது. நாளடைவில் மேற்பரப்பையும் கெடுக்கும். கல் உப்பு மூட்டையின் நீர் கசிந்து உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். ஆகவே இந்தச் சரக்குகளை வெறும் தளத்தில் வைக்காமல் மரச் சட்டத்தின் மேலோ கனமான பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ இறக்குங்கள். சிந்தினால் அன்றே கழுவிவிடுங்கள். தளத்தைச் சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். கறையோடு தளமும் போகும்.

தளத்தில் வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றோடு சேர்ந்து படிவதுதான் அது. நிறம் போட்ட தளத்தில் சற்று அதிகமாகத் தெரியும். காய்ந்த துடைப்பத்தால் தேய்த்துப் பிறகு கழுவினால் நாளடைவில் குறையும்.

மாடி சூடானால் நட்டம் யாருக்கு?

வாசல் வாடிக்கையாளருக்கு என்றால், மாடி நம் குடும்பத்துக்கும் சரக்குக்கும். ஒரே தளமாகக் கட்டிய கடைகளில் குடோனுக்கு மேலேயே மொட்டை மாடி இருக்கும். மேலே வாங்கிய வெப்பம் கீழே இறங்கினால் எண்ணெயில் காறல் வாடை சீக்கிரம் வரும். வெல்லம் இளகிக் கசியும். சுமார் 30 டிகிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அரிசி வண்டு வேகமாகப் பெருகும். இந்த நட்டம் எந்த நோட்டிலும் எழுதப்படுவதில்லை. கழிவு என்ற பெயரில் போய்விடுகிறது.

பழைய சென்னைக் கட்டடங்களில் இதற்கு வழி இருந்தது. மரச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். கட்டடக் கலை நூல்களில் இதற்கு "மெட்ராஸ் டெரஸ்" என்றே பெயர். மரமும் நிறுத்திய செங்கல்லும் போய்க் கான்கிரீட் கூரை வந்தபின்பும், மேலே செங்கல் ஜல்லி சுர்க்கியும் தட்டோடும் போடும் பழக்கம் நிலைத்தது. சுமார் 3 அங்குலச் சுர்க்கி வெப்பத்தைத் தாமதப்படுத்தும், சரிவையும் கொடுக்கும். இன்றும் நம்பத் தகுந்த முறை இது. அடித்து இறுக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டதுதான் குறை.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சுர்க்கி ஒரு சதுர அடிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை ஏற்றும். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து டன்னுக்கு மேல் ஆகிறது. பழைய சுர்க்கியை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று போடாதீர்கள். பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் பழைய கூரையில் எடை ஏற்றக் கூடாது.

எடை ஏற்ற முடியாத மாடிக்கு வெள்ளைப் பூச்சு இருக்கிறது. வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட், உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்தல், கூலிங் டைல்ஸ் எல்லாம் ஒரே அடிப்படையில் வேலை செய்பவை. இவற்றில் ஓடும் டைல்ஸும் சிறிதளவு எடை ஏற்றும். பெயிண்டுக்கு அதுவும் இல்லை. அகமதாபாத் மாநகராட்சி 2017-இல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தெலங்கானா அரசு 2023-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நம் அம்பத்தூரிலும் அரசு மகளிர் பள்ளி ஒன்றின் கூரையில் இத்தகைய பூச்சைத் தமிழக அரசு செய்து பார்த்திருக்கிறது. இதன் குறை என்னவென்றால் தூசி. லாரி ஓடும் நெடுஞ்சாலை ஓரத்தில் வெள்ளை மாடி விரைவில் பழுப்பாகிவிடும், திருப்பும் திறனும் குறையும். கோடை தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒரு முறை கழுவி, தேவையானால் மறுபூச்சு அடிக்க வேண்டும். பூச்சு அடிக்கும் முன் விரிசலையும் ஒழுகலையும் சரிசெய்ய வேண்டும். பெயிண்ட் ஒழுகலுக்கு மருந்தல்ல.

மழையை மறக்கலாகாது

சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதையும் மறக்க முடியாது. வாசலுக்கும் மாடிக்கும் 5 அடிக்கு 1 அங்குலம் வீதம் சரிவு இருக்கட்டும். 10 அடி ஆழ வாசலுக்கு 2 அங்குலம். வேலை முடியும் முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். இடம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிடாமல், மழைநீர்த் தொட்டி இருக்கும் பக்கம் தண்ணீர் போக வழி விடுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். வாசல் தளத்தை நம் எல்லையோடு நிறுத்துவதும் நல்லது. சாலையில் நீட்டிய சாய்தளத்தை அதிகாரிகள் இடித்தால் செலவு நம்முடையது.

வேலையில் கவனிக்க வேண்டியவை

10 அடிக்கு 15 அடி வாசலை எடுத்துக்கொள்வோம். 4 அங்குலக் கனத்துக்கு 50 கன அடி கான்கிரீட் வேண்டும். 1:2:4 கலவையில் சுமார் 9 மூட்டை சிமெண்ட், 22 கன அடி எம்-சாண்ட், 44 கன அடி ஜல்லி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் ஐந்து மூட்டையில் வேலையை முடிக்க யாரும் துணியமாட்டார்கள். நிறத்தை மேலே அரை அங்குலப் பூச்சில் மட்டும் கலந்தால் சுமார் 4 கிலோ பொடி போதும். அந்தப் பூச்சைக் கீழ்த்தளம் இறுகும் முன்பே போட வேண்டும். காய்ந்த தளத்தின் மேல் போட்டால் பிறகு எழும்பிக்கொண்டு, தட்டினால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும்.

ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் போதுமானது. மணலில் ஈரம் இருந்தால் இன்னும் குறைக்கலாம். இழுத்துவிட எளிதாக இருக்கிறது என்று தண்ணீரைக் கூட்டினால் தளம் புழுதி கிளப்பும். 8 முதல் 10 அடிக்கு ஓர் இடைவெளிக் கோடு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டவேண்டும். விரிசல் எப்படியும் வரும். அது நாம் காட்டும் கோட்டிலேயே வரட்டும்.

கோடையில் கான்கிரீட் போடுவதை அதிகாலையிலோ மாலை நான்கு மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் காட்டுவதில்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறோம். ஐ.எஸ். 456-இன்படி வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் குறைந்தது 10 நாள், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டுக்கு 14 நாள் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும். காலையும் மாலையும் தெளித்துவிட்டுப் போனால் போதாது. நம் கடையில்தான் காலிச் சாக்குக்குப் பஞ்சமில்லையே! நனைத்துப் பரப்பி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்லச் சாக்கும் சர்க்கரைச் சாக்கும் மட்டும் வேண்டாம். நிறம் போட்ட தளமானால் சாக்கின் சாயம் ஏறாமலிருக்க வெறும் தண்ணீரைப் பாத்தி கட்டி நிறுத்துவது மேல். பத்து நாள் வியாபாரம் எப்படி நடக்கும் என்ற கவலை நியாயமானதே. வாசலை இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் கடையை மூட வேண்டியதில்லை.

மாதிரியை வெயிலில் பாருங்கள்

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. எந்தத் தளமானாலும் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள்; டைல்ஸ் என்றால் ஒன்று வாங்கி வாருங்கள். குளிரூட்டிய கடையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதிரியை நம் வாசலிலேயே வைத்து மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு அதன்மேல் நில்லுங்கள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பாருங்கள். ஒரு கரண்டி எண்ணெயும் சிறிது புளித் தண்ணீரும் விட்டு மறுநாள் கழுவுங்கள். இதில் தேறியதைப் போடலாம். தேறாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

அரிசி வாங்கும்போது மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. தினமும் நூறு பேர் மிதிக்கும் வாசலுக்கு அந்தச் சோதனை வேண்டாமா?